ஷால்கேயின் வரலாறு தெரியாமல் நான் இழந்த 937 யூரோ

2024 ஆகஸ்டில் ஷால்கே 04 என்ற ஜெர்மன் கால்பந்து கிளப்பின் பழைய டிக்கெட் ஒன்று, ஒரு புகைப்படம், ஒரு பேட்ஜ், இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு சான்றிதழ் என்று 740 யூரோ கொடுத்து வாங்கினேன். எல்லாமே போலி. தபால் செலவு 12.50, கண்ணாடிச் சட்டம் போட்டது 65, வக்கீலிடம் ஒரு முறை போய் உட்கார்ந்தது 120, ஆக மொத்தம் 937 யூரோ 50 சென்ட். அதோடு ஏழு மாதமும் போனது. அந்த ஏழு மாதமும் இதை வீட்டில்கூட முழுசாகச் சொல்லாமல் தனியாகத்தான் அலைந்தேன். பழைய ஜெர்மன் கிளப்புகளின் நினைவுப் பொருட்களை இணையத்தில் தேடுகிறவர்கள் நம்மில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது பணம் அனுப்பும் முன் இதைப் படித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

நான் கெல்சன்கிர்ஷன் நகரத்துக்குப் படிக்க வந்து, வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்ட ஆள். ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரியை நம்பியே வளர்ந்த ஊர் இது. சுரங்கங்களெல்லாம் மூடிவிட்டார்கள், மிச்சமிருப்பது ஷால்கே 04. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். கொன்சோலிடாட்சியோன் சுரங்கத்தில் 15 வயதில் இறங்கியவர். நான் வந்த புதிதில் குளிருக்கு எந்தக் கோட்டு வாங்குவது என்பதிலிருந்து வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்பதுவரை சொல்லிக்கொடுத்தது அவர்தான். என்னைக் 'கும்பெல்' என்று கூப்பிடுவார். சுரங்கத்தில் கூட வேலை செய்கிற ஆளை, உயிரை நம்பி ஒப்படைக்கிற தோழனை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அந்தச் செப்டம்பரில் அவருக்கு 80 வயது. 1958-இல் ஷால்கே கடைசியாக ஜெர்மன் சாம்பியன் ஆனபோது அவர் 13 வயதுப் பையன். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் எத்தனை முறை பேசியிருப்பார் என்று கணக்கே இல்லை. சரி, அந்த ஆட்டத்தின் டிக்கெட் ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல பரிசு ஏது என்று தேட ஆரம்பித்தேன்.

பழைய சாமான் விளம்பரங்கள் வரும் ஒரு தளத்தில் கிடைத்தது. தாத்தா இறந்துவிட்டார், வீட்டைக் காலி செய்கிறோம், அவர் சேர்த்துவைத்த ஷால்கே பொருட்கள் இவை என்று எழுதியிருந்தது. டிக்கெட் 280, 1930-இல் எடுத்த கையெழுத்திட்ட அணிப் புகைப்படம் 240, 1912-ஆம் வருடத்து எனாமல் பேட்ஜ் 130. உண்மைத்தன்மைக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் 90 கூடுதல். இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இன்று இரவுக்குள் சொல்லுங்கள் என்றார் அந்த ஆள். நேரில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன், தான் ஊரில் இல்லை, சாவி தங்கையிடம் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. பரிசு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பதைப்பில் பாதியைச் செயலி வழியாக, அவர் சொன்னபடி 'நண்பருக்கு அனுப்புதல்' என்ற முறையிலும், மீதியை வங்கிக் கணக்குக்கும் அனுப்பினேன். கணக்கில் இருந்த பெயர் வேறு. தங்கையுடைய கணக்கு என்றார், நம்பினேன்.

பொருட்கள் வந்தன, அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்று என்றாலே பொருள் வராது என்று நாம் நினைக்கிறோம். அழகாகப் பொட்டலம் கட்டி, மஞ்சள் படிந்த காகிதம், மடிப்பு, பழைய வாசனையோடுகூட வந்தன. டிக்கெட்டையும் புகைப்படத்தையும் ஒரே சட்டத்தில் போட்டு, பேட்ஜைத் தனிப் பெட்டியில் வைத்துப் பிறந்தநாளன்று கொடுத்தேன். பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சட்டத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக 'ஹனோஃபர்' என்று ஒரு வார்த்தை சொன்னார். நான் புரியாமல் பார்த்தேன். ஒன்றுமில்லை, ரொம்ப நன்றி கும்பெல், என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு காபி போட எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சட்டம் அவர் வீட்டுச் சுவரில் ஏறவே இல்லை. சோபாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்ததை இரண்டு வாரம் கழித்துப் பார்த்தேன். அன்றைக்கு இரவு உட்கார்ந்து தேடியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. என் டிக்கெட்டில் 1958 மே 18, ஷால்கே எதிர் ஹாம்பர்க், க்ளூக்கவுஃப் காம்ப்ஃபான், கெல்சன்கிர்ஷன் என்று அச்சாகியிருந்தது. க்ளூக்கவுஃப் காம்ப்ஃபான் ஷால்கேயின் அன்றைய சொந்த மைதானம். தேதி சரி, எதிரணியும் சரி. ஆனால் அந்த ஆட்டம் நடந்தது ஹனோஃபர் நகரத்தில். அந்தக் காலத்தில் ஜெர்மன் சாம்பியனை ஒரு இறுதி ஆட்டத்தில்தான் முடிவு செய்வார்கள், அதை இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத ஊரில் வைப்பார்கள். ஷால்கே 3-0 என்று ஜெயித்தது. 13 வயதில் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஊரின் பெயரைக் கேட்ட மனிதருக்கு அது எப்படி மறக்கும். முதல் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, என் மனசு நோகக் கூடாது என்று சொல்லாமல் விட்டுவிட்டார். பணம் போனதைவிட அதுதான் என்னைக் குடைந்தது.

இதில் முதலில் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு பொருளில் நான்கு விஷயம் இருக்கும்: கிளப்பின் பெயர், நாள், ஊர், மைதானம். இந்த நான்கையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். போலி செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இரண்டைச் சரியாகப் போட்டுவிடுவார்கள், மற்ற இரண்டில்தான் கோட்டை விடுவார்கள். அதற்குக் கிளப்பின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும், மேலோட்டமாக அல்ல, மைதானம் மாறிய வருடம் வரைக்கும். ஷால்கே 1928-இலிருந்து ஆடியது க்ளூக்கவுஃப் காம்ப்ஃபானில். க்ளூக்கவுஃப் என்பது சுரங்கத்துக்குள் இறங்கும்போது ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளும் சொல், மைதானத்துக்கு இடம் கொடுத்ததே கொன்சோலிடாட்சியோன் சுரங்கம்தான். 1973-இல் பார்க்ஸ்டாடியோனுக்கு மாறினார்கள், 2001 ஆகஸ்டிலிருந்து இப்போதைய அரங்கம். 1972-ஆம் வருட லீக் ஆட்டம் என்று பார்க்ஸ்டாடியோன் டிக்கெட் ஒன்றை யாராவது நீட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பேட்ஜ் அதைவிட மோசம். நீல வெள்ளை எனாமல், நடுவில் 'எஃப்.சி. ஷால்கே 04', கீழே 1912. பள்ளி முடித்த வயதுப் பையன்கள் சிலர் 1904 மே 4 அன்று ஆரம்பித்தபோது அதன் பெயர் வெஸ்ட்ஃபாலியா ஷால்கே. நிறம் சிவப்பும் மஞ்சளும். பையன்கள் கிளப் என்று கால்பந்துச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளவே மாட்டேன் என்றார்கள். அதனால் 1912-இல் 1877-ஆம் வருடத்து உடற்பயிற்சிக் கழகம் ஒன்றின் கால்பந்துப் பிரிவாகப் போய் ஒண்டிக்கொண்டார்கள். 1924 ஜனவரியில் அதிலிருந்து பிரிந்து வந்தபோதுதான் ஷால்கே 04 என்ற பெயரும் நீல வெள்ளையும் வந்தன. ஆக 1912 என்று போட்டு நீல வெள்ளையில் அந்தப் பெயரோடு ஒரு பேட்ஜ் இருக்க வழியே இல்லை. பழைய கிளப்புகளில் பெரும்பாலானவை இப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் பெயர் மாறியும் வந்தவைதான், பெயரில் இருக்கும் வருடம் கிளப் தொடங்கிய வருடம், அந்தப் பெயர் பிறந்த வருடம் அல்ல. எந்தக் கிளப்பின் பொருளை வாங்கினாலும் இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு இது தெரிந்திருந்தால் 130 யூரோ மிஞ்சியிருக்கும்.

புகைப்படத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. பின்னால் பென்சிலில் 'டிசம்பர் 1930, லீக் ஆட்டத்துக்கு முன்' என்று எழுதி, முன்னால் ஷால்கேயின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான எர்ன்ஸ்ட் கூட்சோரா, ஃப்ரிட்ஸ் ஷெப்பான் இருவரின் கையெழுத்தும் அன்றைக்கே வாங்கியது என்று சொல்லி விற்றார்கள். 1930 டிசம்பரில் அவர்கள் இருவரும் லீக் ஆட்டம் எதுவும் ஆடவில்லை, ஆட முடியாது. அந்த ஆகஸ்டில் மேற்கு ஜெர்மன் கால்பந்துச் சங்கம் முதல் அணியின் 14 பேரைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று அறிவித்து விலக்கிவிட்டது. அப்போது ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்கக் கூடாது, ஒரு ஆட்டத்துக்கு ஐந்து மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) படி மட்டும்தான். சுரங்கத் தொழிலாளர்களான தன் ஆட்டக்காரர்களுக்குக் கிளப் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தது. கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த பொருளாளர் வில்லி நீயர் அவமானம் தாங்காமல் ரைன்-ஹெர்னே கால்வாயில் குதித்து உயிரை விட்டார். ஒரு மனிதர் சில மார்க் பணத்துக்காக உயிரை விட்ட அந்த மாதங்களைத்தான் எனக்குச் சிரித்த முகங்களோடு ஒரு படமாக விற்றார்கள். தடை நீங்கி 1931 ஜூன் 1 அன்று ஃபோர்ட்டுனா டுசல்டோர்ஃபுடன் ஆடியபோது க்ளூக்கவுஃப் காம்ப்ஃபானுக்கு 70,000 பேர் வந்தார்கள், அது கொள்ளக்கூடியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் பெரியவரின் அப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவர். பந்தையே பார்க்க முடியவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டேன் என்று சாகும்வரை சொல்வாராம்.

படங்களைச் சோதிக்க இரண்டு எளிய வழி இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து எனக்கு 20 யூரோகூட ஆகவில்லை. ஒன்று, பணத்தாள் சரிபார்க்கும் புற ஊதா விளக்கு. இருட்டறையில் படத்தின் மேல் பிடியுங்கள். ஏறக்குறைய 1950-களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த புகைப்படத்தாள்களில் வெண்மைக்காக ஒரு ரசாயனம் சேர்த்தார்கள், அது பளிச்சென்று நீல வெள்ளையாக ஒளிரும். அதற்கு முந்தைய தாள் அப்படி ஒளிராது. என்னுடைய 1930 படம் ட்யூப்லைட் மாதிரி ஒளிர்ந்தது. ஒளிரவில்லை என்றால் பழசு என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள், புதிய தாளிலும் ஒளிராதவை உண்டு. ஒளிர்ந்தால் பழசு இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. அசல் புகைப்படத்தில் புள்ளிகள் இருக்காது, அச்சடித்ததில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கையெழுத்தையும் அதே மாதிரிப் பாருங்கள், பேனா மை தாளின் மேல் ஒரே கோடாக ஓடியிருக்கும், அச்சிட்ட கையெழுத்தோ புள்ளிகளால் ஆனது. என் படத்தில் கூட்சோராவின் கையெழுத்து முழுக்கப் புள்ளிகள். சட்டம் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விற்கிறவரே கொடுக்கிற சான்றிதழ் சான்றிதழ் அல்ல. அதில் இருந்த நிபுணரின் முகவரியில் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது.

பணத்தைத் திரும்ப வாங்க அலைந்த கதை இனி. போலி என்று தெரிந்ததுமே வங்கிக்கு ஓடினேன். கணக்குக்குப் போய்ச் சேர்ந்த பணத்தைப் பெற்றவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் போனதோ பணம் அனுப்பி ஏழு வாரம் கழித்து. செயலியில் 'நண்பருக்கு' என்று அனுப்பியதால் வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. அந்த ஒரு பொத்தான்தான் வித்தியாசம், பொருளுக்கான பணம் என்று குறித்து அனுப்பியிருந்தால் அந்தப் பாதித் தொகைக்காவது முறையிட இடம் இருந்திருக்கும். நண்பர் முறையில் அனுப்பச் சொல்கிற எந்த அந்நியரையும் நம்பாதீர்கள், கட்டணம் மிச்சம் என்று காரணம் சொல்வார்கள், அந்தக் கட்டணத்தை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், உண்மையான விற்பனையாளர் ஒத்துக்கொள்வார். இப்போது ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து யூரோ நாடுகளில் நீங்கள் எழுதும் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று வங்கி பார்த்துச் சொல்ல வேண்டும். பொருந்தவில்லை என்று திரையில் வந்தால் தயவுசெய்து அடுத்த பொத்தானை அழுத்தாதீர்கள், தங்கை கணக்கு, மாமா கணக்கு எதுவானாலும் சரி.

காவல்துறைப் புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம், நானும் கொடுத்தேன். விளம்பரத்தின் படங்கள், உரையாடல், பணம் அனுப்பிய சீட்டு எல்லாம் கேட்டார்கள். விளம்பரம் அதற்குள் காணாமல் போயிருந்தது, நான் படம் பிடித்து வைக்கவில்லை. உரையாடலில் பாதி மட்டும்தான் இருந்தது. எதை வாங்கினாலும் பணம் அனுப்புவதற்கு முன்னால் விளம்பரம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விற்பவரின் பக்கத்தையும் சேர்த்து. இன்னொன்று, இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். வக்கீலிடம் போனது வீண் செலவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதிராளி யாரென்றே தெரியாதபோது வழக்குப் போட முடியாது என்ற ஒரு வாக்கியத்துக்கு 120 யூரோ கொடுத்தேன். இந்த மாதிரித் தொகைக்கு முதலில் நுகர்வோர் ஆலோசனை மையத்தைக் கேளுங்கள், செலவு குறைவு. கடைசியில் மார்ச் மாதம், குற்றவாளியை அடையாளம் காண முடியவில்லை, விசாரணை நிறுத்தப்படுகிறது என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. கடிதத்தை மாடிப்படியில் நின்று படித்துவிட்டு அங்கேயே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த மாதங்களில் நான் வேறொன்றும் செய்தேன், அதனால்தான் முழுசாக நொந்து போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் 302-ஆம் எண் டிராமில் ஏறிப் பழைய ஷால்கே பகுதியில் இறங்கி நடப்பேன். கூர்ட் ஷூமாகர் சாலை நெடுக நீல வெள்ளைதான், ரசிகர் மன்றங்கள், மதுக்கடைகள், சுவரோவியங்கள். அந்தச் சாலையில் இருக்கும் புனித யோசேப்பு தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஒன்றில் புனித அலோசியஸ் கால்பந்து பூட்ஸோடு நிற்கிறார். கொஞ்சதூரத்தில் க்ளூக்கவுஃப் காம்ப்ஃபானின் பழைய நுழைவாயில். கூட்சோரா ஆட்டத்தை நிறுத்திய பிறகு இங்கேதான் புகையிலைக் கடை வைத்திருந்தார், பின்னாளில் அதை எடுத்து நடத்தியவர் ராயின்ஹார்ட் லிபூடா, ஜெர்மனியின் ஆகச் சிறந்த வலது ஓர ஆட்டக்காரர்களில் ஒருவர். கூட்சோராவும் ஷெப்பானும் மைத்துனர்கள், கூட்சோராவின் சகோதரியைத்தான் ஷெப்பான் மணந்தார். இருவர் குடும்பமும் கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியாவிலிருந்து சுரங்க வேலைக்காக வந்து குடியேறியவர்கள். போலந்துக்காரன் கிளப் என்று மற்ற ஊர்க்காரர்கள் இவர்களை இளக்காரம் பேசுவார்களாம். பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் பந்தைச் சின்னச் சின்னதாகத் தட்டித் தட்டி எதிராளியைச் சுற்றவைத்து ஆடிய ஆட்டத்துக்கு 'ஷால்கே பம்பரம்' என்று பெயர். 1934 இறுதி ஆட்டத்தில் நியூரன்பெர்க் முன்னிலையில் இருக்க, முடியும் தருவாயில் ஷெப்பான் ஒன்று, குடலிறக்கத்தோடு ஆடிக்கொண்டிருந்த கூட்சோரா ஒன்று என்று இரண்டு கோல் போட்டு ஜெயித்தார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு அந்த ஊர் முதல் முறையாக என் ஊராகத் தெரிந்தது.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டேன். ஷால்கேயின் ஏழு சாம்பியன் பட்டங்களில் ஆறு, 1934, 1935, 1937, 1939, 1940, 1942, நாஜி ஆட்சியில் வந்தவை. கிளப்பின் துணைத் தலைவராக இருந்த பாவுல் ஐக்கன்க்ரூன் என்ற யூதப் பல் மருத்துவர் 1933-இல் பதவியை விட்டு விலக வேண்டியிருந்தது. 1938-இல் ஷால்கே சந்தைச் சதுக்கத்தில் இரண்டு யூதர்களுக்குச் சொந்தமான துணிக்கடையை ஷெப்பான் மலிவாக வாங்கிக்கொண்டார். உரிமையாளர்கள் இருவரும் லாட்வியாவின் ரீகா நகரத்துக்கு நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பின்னாளில் ஒரு தெருவுக்கு ஷெப்பான் பெயர் வைக்கும் யோசனையை இதனால்தான் கைவிட்டார்கள். நான் 240 யூரோ கொடுத்து வாங்கிய படத்தில் ஆசையாகத் தடவிப் பார்த்த கையெழுத்து அவருடையது என்று நினைத்தபோது என்னவோபோல் இருந்தது. அந்த ஆட்டத்தைக் கொண்டாடலாம், அந்தக் கடையை மறந்துவிட்டுக் கொண்டாட எனக்கு முடியவில்லை. வாங்குகிறவர்களுக்கு இதில் நடைமுறை விஷயம் ஒன்றும் உண்டு. அந்த வருடங்களின் அசல் பொருட்களில் நாஜிச் சின்னம் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றைப் பொதுவில் காட்டுவதும் பரப்புவதும் ஜெர்மனியில் குற்றம், ஆராய்ச்சி, கல்வி மாதிரியான காரணங்களுக்குத்தான் விலக்கு. வாங்கி எல்லோர் கண்ணிலும் படும்படி பொது இடத்தில் மாட்டலாம், படம் எடுத்துப் பகிரலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆசையைத் தூண்டும் வருடங்களில்தான் போலியும் அதிகம் என்று இப்போது எனக்குப் படுகிறது. 1972 கோப்பை, அந்த இறுதி ஆட்டத்தில் கைசர்ஸ்லாட்டர்ன் அணியை 5-0 என்று அடித்தார்கள். அதே ஷால்கே அணியின் பல ஆட்டக்காரர்கள் முந்தைய வருடம் பீலஃபெல்ட் அணியிடம் காசு வாங்கிக்கொண்டு 0-1 என்று தோற்றவர்கள், ஆளுக்கு 2,300 மார்க், அதை மறைத்து நீதிமன்றத்தில் பொய்ச்சத்தியம் செய்து மாட்டிக்கொண்டார்கள். பெரியவர் அந்தச் செய்தி வந்தபின் ஒரு வருடம் மைதானத்துப் பக்கமே போகவில்லையாம். அப்புறம் 1997-இல் மிலானில் இன்டர் அணியைப் பெனால்டியில் வென்று வாங்கிய யூஃபா கோப்பை. 2001 மே 19, உண்டர்ஹாக்கிங்கை 5-3 என்று ஜெயித்து, சாம்பியன் ஆகிவிட்டோம் என்று பார்க்ஸ்டாடியோனுக்குள் ஜனம் இறங்கி அழுதுகொண்டிருக்க, நாலரை நிமிடத்தில் ஹாம்பர்க்கில் பயர்ன் கோல் போட்டுப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. 2021-இல் ஒரு சீசன் முழுவதும் 16 புள்ளி மட்டும் எடுத்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, 20 கோடி யூரோவுக்கு மேல் கடன். இறங்கிய பிறகும் அரங்கத்துக்கு 60,000 பேர் வந்தார்கள். ஒரு பட்டத்தைப் பார்க்காமலே முதுமைக்கு வந்துவிட்ட ரசிகர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அந்த ஏக்கத்துக்குத்தான் இந்தச் சந்தையில் விலை வைக்கிறார்கள், ஆகவே 1958 என்று எதையாவது பார்த்தால் இரண்டு மடங்கு நிதானமாக இருங்கள். முதலில் அரங்கத்துக்குள் இருக்கும் கிளப்பின் அருங்காட்சியகத்தில் போய் அசல் பொருட்கள் எப்படி இருக்கும் என்று கண்ணால் பாருங்கள். ரசிகர் மன்றத்து வயதானவர்களிடம் படத்தைக் காட்டுங்கள். எனக்கு அப்படிக் காட்ட ஒருவர் கீழ்த்தளத்திலேயே இருந்தார், இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று அவரிடமே மறைத்தேன்.

அந்த மார்ச் கடிதம் வந்த அன்று கீழே போய் அவர் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், தொகையையும் சொன்னேன். தொகையைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது, இவ்வளவா, முட்டாள்தனமாக நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேனே, அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ உடனே வங்கிக்குப் போயிருப்பாயே என்று அவர் வருத்தப்பட ஆரம்பித்தார். இல்லை, அன்றைக்கே போயிருந்தாலும் கிடைத்திருக்காது என்று நான் சமாதானம் சொன்னேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் சோபாவுக்குப் பின்னாலிருந்து சட்டத்தை எடுத்துப் பின்பக்கத்தைத் திருகித் திறந்தார். படத்தை உருவி என்னிடம் கொடுத்துவிட்டார். டிக்கெட்டை மேசைமேல் வைத்து, நீலப் பேனாவால் கெல்சன்கிர்ஷன் என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே நிதானமாக ஹனோஃபர் என்று எழுதினார். அதற்குக் கீழே 3-0. மையைக் காயவிட்டுத் திரும்பச் சட்டத்துக்குள் வைத்தார். ஆணி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சமையலறை இழுப்பறையில், சுத்தியலும் அங்கேதான், வானொலிக்கு மேலே அடி, என்றார்.